லா பாஸில் முதல் ராத்திரி: வீட்டில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள், யாராவது முழித்திருக்கிறீர்களா?

பவானிக்கரை
ஞாயிறு, பொலிவியா நேரம் அதிகாலை 2:10

ஊரில் இப்போது பகல் பன்னிரண்டு ஆகப்போகிறது, யாராவது பதில் போடுவீர்கள் என்று எழுதுகிறேன்.

நாங்கள் ஐந்து பேர். நான், வீட்டுக்காரர், பதினொரு வயது மகள், ஆறு வயது மகன், ஈரோட்டிலிருந்து வந்திருக்கும் என் அம்மா (67). குடியிருப்பது சாவோ பாவ்லோவில். பிள்ளைகளுக்கு ஜூலை விடுமுறை என்று பொலிவியா கிளம்பினோம். நேற்றுக் காலை சாந்தா க்ரூஸ், அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் லா பாஸ். சாந்தா க்ரூஸ் 400 மீட்டர் சொச்சம். லா பாஸின் விமான நிலையம் இருக்கும் எல் ஆல்ட்டோ 4,061 மீட்டர். தொட்டபெட்டா உச்சியே 2,637தான் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

தங்கும் விடுதியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்றாவது மாடி. வீட்டுக்காரர் அரை மாரத்தான் ஓடுகிறவர், கைக்கொரு பெட்டியாகத் தூக்கிக்கொண்டு கடகடவென்று ஏறினார். அதோடு விட்டாரா, சாயங்காலமே சூனியக்காரிகள் சந்தை பார்க்க வேண்டும் என்று சகார்நாகா தெரு ஏற்றத்தில் எல்லோரையும் நடக்க வைத்தார். ராத்திரி பத்து மணிக்கு அவருக்குத் தலைவலி ஆரம்பித்தது. இதுவரை இரண்டு முறை வாந்தி. மகன் சாப்பிடவே இல்லை, சிணுங்கிக்கொண்டே கிடக்கிறான். மகளுக்கு லேசான தலைவலி. எனக்குத் தூக்கம் வரவில்லை, கண் அசந்தால் மூச்சு நின்றது மாதிரி திடுக்கென்று முழிப்பு வருகிறது.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை (விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டுமே, அது) கொண்டுவந்திருந்தேன். வீட்டுக்காரருக்கு 89, அம்மாவுக்கு 86! ஆனால் அம்மா குறட்டை விட்டுத் தூங்குகிறார். எழுப்பலாமா, விடலாமா?

வத்தலக்குண்டு_வாசி

86ஆ? தாயே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 94க்குக் கீழே போனாலே சேர்த்துவிட வேண்டும் என்றுதானே அப்போது சொன்னார்கள். யோசிக்காதீர்கள்.

மருந்துச்சீட்டு

வத்தலக்குண்டு அண்ணா, கொஞ்சம் பொறுங்கள். 94 என்பது கடல்மட்டத்துக் கணக்கு. லா பாஸ் நகர மையம் சுமார் 3,640 மீட்டர். அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். காற்றில் ஆக்ஸிஜன் அதே 21 சதவீதம், ஆனால் அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவது குறைவு. அந்த ஊரில் புதிதாக வந்து இறங்கியவருக்கு 85 முதல் 90 வரை காட்டினால் யாரும் பதற மாட்டார்கள். விரல் சில்லிட்டிருந்தாலும் தவறாகக் காட்டும். ஜூலையில் அங்கே குளிர்காலம் வேறு.

பவானி மேடம், அம்மாவை எழுப்பாதீர்கள். நன்றாகத் தூங்குகிறார் என்பது நல்ல செய்தி. நான் கவலைப்படுவது உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி. நான்கு கேள்விகள்:

சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா? இருமல் உண்டா? பேச்சு குழறுகிறதா, சம்பந்தமில்லாமல் பேசுகிறாரா? தரையில் ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, குதிகாலை மறுகாலின் விரல் நுனியில் ஒட்டி ஒட்டிப் பத்தடி நடக்க முடிகிறதா?

கடைசிச் சோதனையை இப்போதே செய்யச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோத்துக்கொள்கிறது என்று பொருள், விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர். இரண்டும் இல்லையென்றால் சாதாரண மலைநோய்தான். பாராசிட்டமால் ஒன்று, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், தலையை உயர்த்திப் படுக்கை. தூக்க மாத்திரை கூடாது, பீர் கூடாது. உங்களுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது உயரத்தில் பலருக்கும் நடப்பது, பயம் வேண்டாம்.

பவானிக்கரை
அதிகாலை 2:50

நடக்க வைத்தேன். நேராகத்தான் நடந்தார். எட்டாவது அடியில் மகனின் பொம்மைக் காரை மிதித்துத் தடுமாறினார், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கெஞ்சுகிறார். மூச்சு வாங்கவில்லை, இருமல் இல்லை. “ஓடுகிற எனக்கே இப்படியா” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறார், அது குழறலில் சேருமா தெரியவில்லை. மாத்திரை கொடுத்துவிட்டேன். நன்றி டாக்டர்.

லே_ரிட்டர்ன்

நாங்கள் லே போனோம், அது 3,500 மீட்டர். ஒன்றுமே ஆகவில்லை. உடம்பைத் தேற்றி வைத்துக்கொண்டு போனால் இதெல்லாம் வராது. மனசுதான் காரணம். கோகா இலைத் தேநீர் நாலு கப் குடிக்கச் சொல்லுங்கள், பறந்துவிடும்.

மருந்துச்சீட்டு

மனசு இல்லை சார், அழுத்தம். உடல் தகுதிக்கும் மலைநோய்க்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. சொல்லப்போனால் ஓட்டக்காரர்களுக்குத்தான் தொல்லை அதிகம், முதல் நாளே உடம்பை விரட்டுவார்கள். 67 வயது அம்மா படிப்படியாக நின்று நின்று ஏறியிருப்பார், அதனால் குறட்டை.

உயரம் போனதும் உடம்பு வேகமாக மூச்சுவிட ஆரம்பிக்கிறது. அதனால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தம் காரத்தன்மை அடைகிறது. சிறுநீரகம் அதைச் சரிக்கட்ட இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். அடிக்கடி சிறுநீர் வருகிறதல்லவா, அது அந்த வேலை நடக்கிற அடையாளம். அசெட்டசோலமைடு மாத்திரை (டயமாக்ஸ் என்பார்கள்) இந்த வேலையைத்தான் முடுக்கிவிடுகிறது. பெரியவர்களுக்கு 125 மி.கி. இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்க வேண்டும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. விரல் நுனி குறுகுறுக்கும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும், அவ்வளவுதான். வந்த பிறகும் சிகிச்சையாகக் கொடுப்பதுண்டு. ஆனால் அளவை அங்கே நேரில் பார்க்கிற மருத்துவர் சொல்லட்டும், குழந்தைக்கு நிச்சயமாக.

இன்னொன்று. மருந்துக் கடையில் சொரோச்சி மாத்திரை என்று தருவார்கள். அங்கே மலைநோய்க்குச் சொரோச்சே என்று பெயர். அதில் ஆஸ்பிரினும் கஃபீனும் உண்டு. பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

ஆந்தீஸ்_அகதி

தொலைத்தொடர்பு வேலையாக லா பாஸில் இரண்டு வருடம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன். மாத்திரை மயிரெல்லாம் அப்புறம் (மட்டுறுத்துநர் மன்னிக்க). முதலில் இறங்குங்கள். ஊரைவிட்டு இல்லை, ஊருக்குள்ளேயே.

லா பாஸ் ஒரு பெரிய கிண்ணம். விளிம்பில் எல் ஆல்ட்டோ, 4,000க்கு மேல். பாதிச் சரிவில் பழைய நகரம், நீங்கள் இருக்கும் இடம். அடியில் தெற்குப் பகுதி, சோனா சூர் என்பார்கள். கலாகோத்தோ, சான் மிகேல் எல்லாம் அங்கேதான். நகர மையத்தைவிட முந்நூறு மீட்டருக்கு மேல் தாழ்வு, குளிரும் குறைவு. நம் ஊரில் காசிருப்பவன் மலைமேல் பங்களா கட்டுவான். அங்கே தலைகீழ், பணக்காரர்கள் எல்லாம் பள்ளத்தில். காரணம் உங்கள் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

தூங்குகிற உயரம்தான் முக்கியம். பகலில் கொஞ்சம் மேலே போய்வரலாம், ராத்திரிக்குக் கீழே வந்துவிட வேண்டும். நாளைக்கே கலாகோத்தோவுக்கு மாறுங்கள், முன்பணம் போனால் போகட்டும்.

ஒரு எச்சரிக்கை. “இறங்கணும்னா மலைக்கு அந்தப் பக்கம் யுங்காஸ் பள்ளத்தாக்குக்குப் போங்க, அங்கே கொரோய்க்கோ ஊர் வெறும் 1,700 மீட்டர்” என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சாலை முதலில் லா கும்ப்ரே கணவாய் வழியாக 4,650 மீட்டர் வரை ஏறிவிட்டுத்தான் இறங்கும். நோயாளியை அந்த வழியில் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். நிலைமை முற்றினால் ஆக்ஸிஜன், மருத்துவமனை, பிறகு சாந்தா க்ரூஸுக்கு விமானம்.

தாழம்பூ

எல்லாம் சரி, ஏன் நேராகப் போனீர்கள்? சாந்தா க்ரூஸிலிருந்து கொச்சபம்பா போய் இரண்டு ராத்திரி தங்கியிருக்கலாமே. அது 2,560 மீட்டர் வாக்கில்தான். இல்லையென்றால் சூக்ரே, 2,800. 3,000க்கு மேல் போனால் தூங்குகிற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பது மலையேறிகள் பாடம். நீங்கள் ஒரே நாளில் மூவாயிரத்துக்கு மேல் கூட்டியிருக்கிறீர்கள்.

பவானிக்கரை
ஞாயிறு மாலை

தாழம்பூ, ஏன் நேராகப் போனோம் என்றால் பயணத் திட்டம் போட்டவர் இப்போது கட்டிலில் படுத்திருக்கிறார். எழுந்ததும் கேட்டுச் சொல்கிறேன்.

ஆந்தீஸ் அண்ணன் சொன்னபடி மாறிவிட்டோம். விடுதிக்காரர் மிச்சப் பணம் தரமாட்டேன் என்றார், சண்டை போடத் தெம்பில்லை. கலாகோத்தோவில் சமையலறையோடு ஒரு சின்ன வீடு, தரைத்தளம். டாக்ஸியில் வளைந்து வளைந்து இறங்கும்போதே மகன் “பசிக்குது” என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு ஊரையே எழுதிக் கொடுத்திருப்பேன். வழியில் ஒரு மருத்துவரையும் பார்த்தோம். வீட்டுக்காரருக்கு அதே மாத்திரைதான் எழுதினார். மகனுக்கு ஒன்றும் வேண்டாம், ஓடவிடாதீர்கள் என்றார்.

இப்போது ஒரு புதுப் பிரச்சினை. அம்மா ரசம் சோறு வைக்கிறேன் என்று பாத்திரத்தில் அரிசியைப் போட்டார். முக்கால் மணி நேரம் ஆகிறது. கொதிக்கிறது, கொதிக்கிறது, வேகவில்லை. “இந்த ஊர் நெருப்புக்குச் சூடு இல்லையாடி” என்கிறார்.

அரைப்படி_அரிசி

அம்மா கேட்ட கேள்விக்கு இயற்பியல் வாத்தியாராக நான் பதில் சொல்கிறேன். நெருப்பில் குறையில்லை, தண்ணீரில்தான். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலை குறையும். நீங்கள் இருக்கும் இடத்தில் தண்ணீர் 89 பாகைக்குள்ளேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது, ஆவியாகத்தான் போகும். பருப்பை நினைத்தே பார்க்காதீர்கள்.

குக்கர்தான் வழி. அதிலும் ஒரு நுணுக்கம். குக்கர் குண்டு வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இவ்வளவு என்றுதான் தாங்கும். வெளிக்காற்றே குறைவாக இருப்பதால், கடல்மட்டத்தில் 120 பாகை தொடுகிற அதே குக்கர் அங்கே 114, 115இல் நின்றுவிடும். மூன்று விசில் வைக்கிறவர்கள் நாலைந்து வையுங்கள்.

ஆந்தீஸ்_அகதி

குக்கருக்கு ஸ்பானிஷில் ‘ஓயா ஆ பிரெசியோன்’. பக்கத்து வீட்டில் கேளுங்கள், அந்த ஊரில் குக்கர் இல்லாமல் யாரும் குடும்பம் நடத்த மாட்டார்கள்.

அம்மா சைவமா? அப்படியென்றால் கவனம். ‘சின் கார்னே’ என்று கேட்டால் தட்டில் கறித் துண்டு இருக்காது, அவ்வளவுதான். சூப் எலும்பில் கொதித்ததாக இருக்கும். வேர்க்கடலை சூப், கீனுவா சூப் எதையும் கேட்காமல் குடிக்காதீர்கள். காலையில் எல்லோரும் தின்கிற சால்தேன்யா (சோமாசி மாதிரி ஒன்று) அதற்குள்ளும் கறிதான். தைரியமாகச் சாப்பிடலாம் என்றால் ‘ப்ளாத்தோ பாசேன்யோ’: அவித்த சோளக்கதிர், பெரிய அவரை, தோலோடு உருளைக்கிழங்கு, பொரித்த பாலாடைக்கட்டி. கறி வைக்காமல் தரச் சொல்லுங்கள். சாயங்காலம் ஆப்பி குடியுங்கள், ஊதாச் சோளத்தில் பட்டை கிராம்பு போட்ட கஞ்சி. சுடச்சுட அதைக் குடித்தால் அந்தக் குளிருக்கு வேறொன்றும் வேண்டாம்.

லே_ரிட்டர்ன்

கோகா தேநீர் பற்றி நான் சொன்னதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

மருந்துச்சீட்டு

கண்டுகொண்டேன் சார், சண்டை வேண்டாமே என்று விட்டேன். லேசாகச் சுறுசுறுப்பு தரும், வயிற்றுக்கு இதம், வெந்நீர் உள்ளே போகிறது. பெரியவர்கள் குடிக்கலாம். ஆனால் மலைநோயைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பிள்ளைகளுக்கு வேண்டாம். வேலை இடத்தில் போதைப்பொருள் சோதனை உள்ளவர்களும் தொட வேண்டாம், ஒரு கப் குடித்தாலே சிறுநீரில் காட்டும்.

கிழக்குவாசல்

பொலிவியாவில் அது சட்டப்படி சரி. அய்மாரா, கெச்சுவா மக்களுக்கு அது தாம்பூலம் மாதிரி, விருந்துக்கும் சடங்குக்கும் உண்டு. 1961ஆம் வருடத்து ஐ.நா. ஒப்பந்தம் கோகா இலையையும் போதைப் பட்டியலில் வைத்ததால், பொலிவியா அதிலிருந்து விலகி, இலை மெல்லும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் 2013இல் மறுபடி சேர்ந்தது. ஆனால் அந்த உரிமை எல்லையோடு சரி. தேநீர்ப் பை ஒன்று பெட்டியில் இருந்தாலும் பிரேசில் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வீர்கள். பவானி, கிளம்பும்போது அம்மாவின் சுருக்குப் பையைச் சோதித்துவிடுங்கள், சந்தையில் யாராவது ஒரு கைப்பிடி கொடுத்திருப்பார்கள்.

அம்மா ஊர் திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். பிரேசிலுக்கும் சரி, பொலிவியாவுக்கும் சரி. இருக்கிறதல்லவா?

பவானிக்கரை
திங்கள் இரவு

இருக்கிறது. கிளம்புவதற்கு முன்பே கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டு மஞ்சள் புத்தகம் வாங்கிவிட்டோம். வயதைக் காரணம் காட்டி டாக்டர் நிறையக் கேள்வி கேட்டார்.

இன்று ஒன்றுமே செய்யவில்லை. பிள்ளைகள் சீட்டு விளையாடினார்கள். உதடு வெடித்து, மூக்கு காய்ந்து, மகளுக்கு லேசாக மூக்கில் ரத்தம். தேங்காய் எண்ணெய் தடவியதும் நின்றது. வெயில் பார்க்கச் சாது மாதிரி இருக்கிறது, பத்து நிமிடத்தில் கன்னத்தைச் சுட்டுவிடுகிறது. ராத்திரி அறையில் ஹீட்டர் கிடையாது, நான்கு கம்பளி. வீட்டுக்காரர் அரைத் தட்டு சோறு சாப்பிட்டார், பக்கத்து வீட்டுக் குக்கர் உபயம்.

குக்கர் வாங்கப் போன அம்மா ஒரு மணி நேரமாகக் காணோம். போய்ப் பார்த்தால் அந்த வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே ஒரு அம்மி! பாத்தான் என்கிறார்கள். அடியில் தட்டைக் கல், மேலே பிறைநிலா மாதிரி ஒரு பெரிய கல். குழவியைப் போல இழுத்து அரைப்பதில்லை, தொட்டில் ஆட்டுவதுபோல இப்படியும் அப்படியும் சாய்க்கிறார்கள். தக்காளி, லொகோத்தோ என்ற மிளகாய், ஏதோ ஒரு வாசனைத் தழை, உப்பு. யாக்வா என்று பெயர். மிளகாயைப் பிளந்தால் விதை கறுப்பு! அம்மா அதை எடுத்து எடுத்துப் பார்க்கிறார். மொழி தெரியாத இரண்டு கிழவிகளும் காரம் போதுமா என்று சைகையிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாட்டி சூன்யோவும் காட்டினாராம், உருளைக்கிழங்கை ராத்திரிப் பனியில் உறையவைத்து, காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து, வெயிலில் காயவைப்பது. “வத்தல்தான், நம்மளுக்கு வெயில் மட்டும் இருக்கு, இவங்களுக்குப் பனியும் இருக்கு” என்கிறார் அம்மா. கறுத்துச் சுருங்கிய அந்த உருண்டைகளை எனக்குப் பிடிக்கவில்லை, மண் வாசனை.

வத்தலக்குண்டு_வாசி

அப்பாடா. அன்றைக்கு நான்தான் பயமுறுத்திவிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுக்காரர் கால்பந்து பார்ப்பவரா? 2009இல் மரடோனா பயிற்சியாளராக இருந்த அர்ஜென்டினா அணி லா பாஸில் 6க்கு 1 என்று தோற்றது, மெஸ்ஸியும் ஆடினார். அதைச் சொல்லுங்கள், மனசு ஆறும்.

பவானிக்கரை
செவ்வாய் இரவு

சொன்னேன். அவர் அதைத் தன் அலுவலக நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்.

இன்று முதல் தடவையாக வெளியே போனோம். இர்பாவியில் பச்சை வரி கேபிள் கார் பிடித்து, மஞ்சள் வரிக்கு மாறினோம். இங்கே இது சுற்றுலாப் பயணிகளுக்கான ஊஞ்சல் இல்லை, பஸ் மாதிரி. பள்ளிப் பையோடு பிள்ளைகள், அடுக்குப் பாவாடையும் வட்டத் தொப்பியும் போட்ட பெண்கள் மூட்டையோடு. 2014இல் ஆரம்பித்து இப்போது பத்து வரிகள் ஓடுகின்றன. அந்தக் கிண்ணத்தின் சரிவில் வேறு எந்த ரயிலை ஓட்டுவது? சுவர் ஏறுவதுபோல எல் ஆல்ட்டோ விளிம்புக்குப் போய், இறங்காமலே அப்படியே திரும்பினோம். ஆந்தீஸ் அண்ணன் சொன்ன கிண்ணம் முழுவதும் காலடியில், எதிரே இல்யிமானி பனிமலை, 6,438 மீட்டர் வெள்ளை. மகன் அதைவிட்டுவிட்டு யாரோ மொட்டை மாடியில் கட்டியிருந்த நாயைத்தான் பார்த்தான்.

மையத்தில் வரிக்குதிரைகள்! இளைஞர்கள் வரிக்குதிரை வேடம் போட்டுக்கொண்டு சாலை கடக்க உதவுகிறார்கள், 2001இலிருந்து நடக்கிறதாம். கோட்டைத் தாண்டி நின்ற காரின் முன்னால் ஒரு வரிக்குதிரை தலையில் கை வைத்து அழுதது. மகன் அந்தச் சாலையை ஏழு முறை கடந்தான். முரில்யோ சதுக்கத்தில் நாடாளுமன்றக் கடிகாரம் இடமாகச் சுற்றுகிறது. தெற்கு அரைக்கோளத்தில் சூரியக் கடிகாரத்தின் நிழல் அப்படித்தான் போகும் என்று மகள் விளக்கினாள், எனக்குத் தலைசுற்றியது உயரத்தால் அல்ல.

நாளை 16, லா பாஸ் நாள். 1809 புரட்சியின் நினைவாம். இன்று ராத்திரி மையத்தில் விடிய விடியக் கூத்து. நாங்கள் போகவில்லை, வெடிச் சத்தம் மட்டும் கேட்கிறது. வெள்ளிக்கிழமை டிட்டிகாக்கா ஏரி போகலாமா டாக்டர்? 3,812 மீட்டர்.

மருந்துச்சீட்டு

தலைவலி இல்லாமல் முழு நாள் ஒன்று போயிருந்தால் போகலாம். ஆறு நாளில் உடம்பு நிறையப் பழகியிருக்கும். தலைவலி இருக்கும்போது மேலே ஏறாதீர்கள், அது ஒன்றுதான் கட்டளை. வீட்டுக்காரர் படகில் துடுப்பு போடக் கூடாது என்பது என் தனிப்பட்ட வேண்டுகோள்.

நெல்லிமரம்

இழையை இப்போதுதான் பார்த்தேன். டிசம்பரில் அப்பா அம்மாவோடு பெரு போகிறோம். லிமாவிலிருந்து குஸ்கோ, 3,400 மீட்டர். முதல் நாளே கதீட்ரல், சக்சாய்வாமான் கோட்டை என்று போட்டிருக்கிறோம். மாற்ற வேண்டுமா?

பவானிக்கரை
புதன் காலை

மாற்றுங்கள். குஸ்கோவில் இறங்கியதும் ஊருக்குள் போகாமல் வண்டி பிடித்து உருபாம்பா பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள், அது 2,870தான். இரண்டு மூன்று ராத்திரி அங்கே, அப்புறம் மச்சு பிச்சு, அது இன்னும் தாழ்வு, 2,430. கடைசியில் குஸ்கோ. எங்கள் வீட்டுக்காரர் நேற்று எழுந்து உட்கார்ந்ததும் எங்கள் அடுத்த பயணத்துக்காக வரைந்த திட்டம் இது, உங்களுக்கு இலவசம். அதன் ஓரத்தில் அவர் கையெழுத்தில் இன்னொரு வரி: “அறை எடுக்கும் முன் லிஃப்ட் ஓடுகிறதா என்று கேட்கவும்.” அம்மா அதற்குக் கீழே “குக்கர்” என்று எழுதச் சொல்லியிருக்கிறார்.